ஹைறுன்னிஸாவுக்கு எழுதிய கலியாணம்

ஆகிலா இத்தா இருக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை, றுக்ஸானா அவளைப் பார்க்க வந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. மௌத்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வதை றுக்ஸானாவும் சொன்னாள். எல்லாருக்கும் சொல்கிற பதிலையே ஆகிலாவும் சொன்னாள்.

ஆகிலாவுக்கு முப்பத்துநாலு வயது. பத்து வருடம் கல்முனையில் ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்டுகளுக்கு எழுத்துக் கோத்தவள். புருஷன் நெல் லொறி ஓட்டியவர். ஒரு செவ்வாய்க்கிழமை மாவடிப்பள்ளியில் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் அவளுடைய வீடு. மதிலுக்கு அடுத்த பக்கம் தங்கச்சி சுபைறாவின் வீடு. மூன்று நேரமும் சாப்பாடு மதிலால் வரும்.

றுக்ஸானா பொண்ணு சோடிக்கிறவள். அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் மணமகள் அலங்காரத்துக்குப் போவாள். பேச ஒன்றும் கிடைக்காமல் தன் போனை எடுத்து, பேஸ்புக்கில் தொடங்கிய பக்கத்தைக் காட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள்.

"கொழும்புல சோடிக்கிற ஆக்கள் பொண்ணுட முகத்த முழுசாப் போடுறாங்க. எங்கட பொண்டுகள்ட முகத்தப் போட ஏலுமா? நான் செய்யிற வேல முகத்துல. முகமில்லாம நான் என்னத்தக் காட்டுற, சொல்லு பாப்பம்."

ஆகிலா பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பூங்கொத்து, வளையல், சாரிக் கொசுவம், மறுபடியும் பூங்கொத்து. ஒவ்வொன்றின் கீழும் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஆங்கில வசனங்கள். ஒரு படத்தில் மட்டும் அறை வாசலில் ஒரு சோடிப் பழைய செருப்பு கிடந்தது.

"இது என்ன?"

"அதுவா? பிழையாப் போயிட்டு. பொண்ணுட வாப்பாட செருப்பு. மீன் யாவாரி." றுக்ஸானா சிரிக்கத் தொடங்கினாள். மௌத்து வீடு என்று நினைவு வந்ததும் வாயைப் பொத்தினாள்.

"சொல்லுகா. என்ன நடந்த?"

றுக்ஸானா சொன்னாள். ஆகிலா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவை. பிறகு போனை வாங்கி, செருப்புப் படத்தின் கீழ் எழுதினாள்:

"வாப்பா அறைக்குள்ள வந்தார். பொண்ணுக்கு மரியாதையா ஸலாம் சொன்னார். 'எங்கட மகள் எங்க?' எண்டு பொண்ணுக்கிட்டயே கேட்டார். அவ சிரிச்ச சிரிப்புல அரை மணித்தியாலமா வரஞ்ச மை கரஞ்சி போயிட்டு. இன்னொருக்கா இருந்து வரஞ்சன்."

அந்தப் பொண்ணிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் போட்டார்கள். பேர் இல்லை, ஊர் இல்லை. அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முதல் அதை ஆயிரத்து எண்ணூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். றுக்ஸானா போனில் கத்தினாள்: "எனக்குத் தெரியாத சனமெல்லாம் எங்கட வாப்பாவும் இப்படித்தான் எண்டு எழுதிரிக்காங்ககா!"

இப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. ஒவ்வொரு கலியாணமும் முடிந்தபின் றுக்ஸானா கூப்பிடுவாள். ஆகிலா கேட்பாள்: "கண்ணாடியப் பாத்து என்ன சொன்ன? ஆரு அழுத? ஆரு சாப்பிடல்ல?" கேட்டதில் நாலு வரி எடுத்து, கல்முனைப் பக்கத்துப் பேச்சிலேயே எழுதுவாள். முகம் காட்டாத பக்கத்தில் சனங்கள் முகங்களைக் கண்டார்கள். சமைத்து, தொழுது, பெண்கள் சற்றுச் சாயும் பகல் இரண்டரை மணிக்குப் போட்டால் அதிகம் பேர் வாசிக்கிறார்கள் என்பதையும், விலை கேட்டு வருகிறவளுக்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் அனுப்பினால் அவள் வேறிடம் போகமாட்டாள் என்பதையும் ஆகிலா தானாகவே கண்டுபிடித்தாள். இரண்டு மாதத்தில் பின்தொடர்வோர் ஒன்பதாயிரம். கல்முனையில் கலியாண மேடை போடும் றெனோல்ட் தன் பக்கத்தையும் அவளிடம் கொடுத்தான். சமையல்காரர் ஆதம்பாவாவும் கொடுத்தார். ஆண்கள் இருவரோடும் அவள் நேரே கதைப்பதில்லை. அவர்கள் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள். அவள் எழுத்தில் பதில் அனுப்புவாள்.

சுபைறாவுக்குத்தான் பயம். "இத்தா இரிக்கிற ஊட்டுல இருந்து கலியாணக் கதையா? ஆக்கள் அறிஞ்சா என்ன கதைப்பாங்க?"

"மௌலவிக்கிட்டக் கேட்டாச்சி. ஊட்ட உட்டு இறங்காமச் செய்யிற தொழிலுக்குக் குத்தமில்ல எண்டுட்டார்."

சுபைறா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்தை எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் இடம் ஒன்று இருந்தது. ஒருநாள் ஆகிலா அதைத் திறந்தாள். முதலாவது கல்முனை. இரண்டாவது அக்கரைப்பற்று. மூன்றாவது குவைத். அடுத்தது றியாத், பிறகு டோஹா, ஜித்தா. அவள் மறுபடியும் பார்த்தாள். குவைத்தில் இருக்கும் ஆயிரத்து நூறு பேர் றுக்ஸானாவைக் கூப்பிட்டுப் பொண்ணு சோடிக்கப் போவதில்லையே. பிறகு இவர்கள் எதற்காக வாசிக்கிறார்கள்?

பதில் ஒரு வெள்ளிக்கிழமை குரலாக வந்தது. பாத்திரங்கள் முட்டுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் தணிந்த குரலில் கதைத்தாள்.

"றுக்ஸானா மகள், நான் ஹைறுன்னிஸா. மருதமுனை. குவைத்துல ஒரு ஊட்டுல வேல செய்யிறன், ஆறு வரிசமாகுது. வாற பதினாலாந் திகதி என்ட மகள் ஷாஹினாவுக்குக் கலியாணம், நீங்கதான் சோடிக்கப் போறீங்க. எனக்கு லீவு தரல்ல. வீடியோவுல காட்டுறம் எண்டு சொல்றாங்க. அண்டைக்கி இஞ்ச பெரிய விருந்து, போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்க ஏலா. இடைக்கிட ஒரு நிமிசம் கிடைக்கும். வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும் மகள். எழுத்தெண்டா அந்த ஒரு நிமிசத்துல வாசிச்சிடுவன். நீங்க எழுதுற மாதிரி எழுதுங்க. நடக்க நடக்க எழுதுங்க."

ஆகிலா அதை நாலு தரம் கேட்டாள். பிறகு உண்மையை எழுதினாள். "றாத்தா, நான் றுக்ஸானா இல்ல. அவட பக்கத்துக்கு எழுதுற ஆள். நான் இத்தா இரிக்கிறன். கலியாண ஊட்டுக்கு என்னால போக ஏலா. கண்ணால காணாதத எப்படி எழுதுற?"

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பதில் வந்தது. "அப்ப நாம ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ளதான். நீங்க கேட்டு எழுதுங்க. நான் வாசிக்கிறன்."

மணமகளிடம் றுக்ஸானா சம்மதம் கேட்டாள். ஷாஹினா யோசிக்கவேயில்லை. "எல்லாத்தையும் எழுதுங்க. படம் மட்டும் வேணாம். என்ட பேரப் போடுங்க, உம்மாட பேரயும் போடுங்க. அவட காசிலதான் இந்த ஊட்டுக் கூர நிக்கிது."

பதினாலாந் திகதி அதிகாலை சுபஹு தொழுதவுடன் ஆகிலா அறையில் பாயை விரித்து, சார்ஜரைக் குத்தி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். றுக்ஸானாவும், அங்கே மேடை போட்ட றெனோல்டும், சமைக்கப் போன ஆதம்பாவாவும் அரை மணிக்கொரு தரம் குரல் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மருதமுனை அவளுடைய வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். குவைத்தைப் போலவே அதுவும் அன்று தூரமாக இருந்தது.

முதல் குரல் ஆதம்பாவாவுடையது. அவள் எழுதினாள்: "ஹைறுன்னிஸா, உங்கட வளவுல ஏழு அடுப்பு மூட்டியாச்சி. காத்து கடல் பக்கத்தால வருது. ஆதம்பாவா காக்கா புகைக்குப் பயந்து மாமரத்துக்கு அங்கால போய் நிண்டு சத்தம் போடுறார்."

எட்டு மணிக்கு றெனோல்ட். "மேடைக்குப் பின்னால மருதமுனைத் தறித் துணி கட்டியிரிக்கி. மாதுளம்பூ நிறம். நீங்கதான் போன்ல சொன்ன நிறமாம். பிளாஸ்டிக் பூ ஒண்டும் இல்ல. றெனோல்ட் சொல்றார், இருவது வரிசத்துல இப்படி ஒரு மேடை தான் போட்டதில்லையாம். அத எல்லாருக்கும்தான் சொல்றவர். ஆனா இண்டைக்கிக் குரல் வேற மாதிரி இருந்திச்சி."

பத்து மணிக்குள் நானூறு பேர் வாசித்திருந்தார்கள். ஆகிலா அதைக் கவனிக்கவில்லை. றுக்ஸானாவின் குரல் வந்திருந்தது. பின்னால் பொண்டுகள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் இரைச்சல். அதில் கேட்டதை எழுதினாள்: "தோடு போடப் போனா ஒரு காதுல துளை தூந்து போயிரிக்கி. நல்லெண்ண தடவி, மெதுமெதுவா உட்டு, இப்பதான் போட்டு முடிச்ச. ஷாஹினா கண்ண மூடிக்கிட்டா."

கீழே ஒரு கொமெண்ட் வந்தது. ஹைறுன்னிஸா. "இடது காது. அது எப்பவும் அப்படித்தான்."

ஆகிலா றுக்ஸானாவுக்கு எழுதிக் கேட்டாள்: எந்தக் காது? ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இடது.

ஆகிலா அந்தச் சொல்லை மறுபடியும் வாசித்தாள். கடலுக்கு அப்பால், யாருடையதோ குசினியில் நின்றுகொண்டு, அந்தத் தாய் மகளின் இடது காதைத் தொட்டுவிட்டாள். தொடுவதற்குப் பாலமாக இருந்தது தான் எழுதிய நாலு வரி. சாய்ந்தமருதில், வெள்ளைச் சாரியோடு, சுவரில் சாய்ந்து கிடந்தவள் எழுதியது. போனைப் பாயில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கார்டு கோத்த அதே கைகள்தான்.

அந்த இடது காதோடு சனம் குவியத் தொடங்கியது. "நான் ஜித்தாவுல இருந்து வாசிக்கிறன். பிள்ளையள் பள்ளிக்குப் போயிட்டுதுகள், கொஞ்சம் நேரமிரிக்கி." "டோஹா. எங்கட மேசனாக்கள் பன்னெண்டு பேர், நான் உரத்து வாசிக்கிறன், மத்தவங்க கேக்கிறாங்க." "றியாத்துல டிறைவர். வண்டிய ஓரமா நிப்பாட்டியிருக்கன்." ஒருத்தி எழுதினாள்: "என்ட மகள்ட கலியாணத்துக்கு நான் போகல்ல, மூணு வரிசமாகுது. இதுதான் அது எண்டு நெனைச்சி வாசிக்கிறன். கோவிக்க வேணாம் ஹைறுன்னிஸா." அதற்குக் கீழே ஹைறுன்னிஸா எழுதியிருந்தாள்: "கோவமில்ல தங்கச்சி. வாங்க. பந்தல்ல இடமிரிக்கி."

பகல் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்த சுபைறா, அதை வைக்க மறந்து அக்காவின் தோளுக்கு மேலால் எட்டி வாசித்துக்கொண்டு நின்றாள். "பொறகு என்னகா? பொறகு என்ன?"

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் காவின் என்கிற கலியாணப் பதிவை எழுதினார்கள். பள்ளி வாசலில் நின்ற ஆதம்பாவாவின் குரலிலிருந்து அதை எழுதினாள். "மாப்புள கையொப்பம் வைக்கக்குள்ள பேனை எழுதல்ல. நாலு பேர் நாலு பேனை நீட்டினாங்க. கடைசியில, காவின் எழுதுற லெப்பைட பேனைதான் எழுதின. இப்ப உங்களுக்கு ஒரு மருமகன் இரிக்கார், ஹைறுன்னிஸா." அந்த ஒன்றை ஏழாயிரம் பேர் வாசித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று கடைசிக் குரல் ஐந்து மணிக்கு வந்தது. அதோடு எல்லாம் நின்றது.

பத்து நிமிடம். இருபது நிமிடம். ஆகிலா றுக்ஸானாவைக் கூப்பிட்டாள், போன் செத்திருந்தது. றெனோல்டுக்கும் ஆதம்பாவாவுக்கும் அனுப்பியது போய்ச் சேரவில்லை. கலியாண வீட்டில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படம் பிடித்தால் சிக்னல் எங்கே நிற்கும்? பக்கத்தில் கேள்விகள் ஏறிக்கொண்டு போயின. மாப்புள வந்திட்டாரா? என்ன நடக்குது? எழுதுங்க, எழுதுங்க. ஹைறுன்னிஸாவும் கேட்டிருந்தாள்: "மகள், எனக்கு இப்பதான் அஞ்சு நிமிசம் கிடச்சிரிக்கி."

"எழுதன்கா," என்றாள் சுபைறா. "மாப்புள வருவார், பொண்டுகள் குரவ போடுவாங்க, மால போடுவார். எந்தக் கலியாணத்துலயும் அதுதானே நடக்கிற."

அது உண்மைதான். பத்து வருடம் கார்டு கோத்தவளுக்குக் கலியாணத்தின் ஒழுங்கு தெரியாததல்ல. கண்ணை மூடினால் வரி வரியாக வந்திருக்கும். விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பிறகு அவள் எழுதினாள்:

"ஹைறுன்னிஸா, எனக்குத் தெரியாது. குரல் ஒண்டும் வரல்ல. நான் அங்க இல்ல. நானும் உங்களப்போலக் காத்துக்கிட்டிருக்கன்."

போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். இனி எல்லாரும் எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

"அல்லாஹ்! அக்கா, பாருகா," என்றாள் சுபைறா.

முதலில் வந்தது ஒரு தெரியாத பேர். "நான் ஷாஹினாட மச்சி. வாசல் கேட்டுக்கிட்ட நிக்கிறன். மாப்புளட கார் சந்தியால திரும்பிட்டு." அடுத்தது வேறொருத்தி. "மாமி, நான் உள்ளுக்க. ஷாஹினா எழும்பிட்டா. என்ட கையப் பிடிச்சிக்கிட்டிருக்கா." அடுத்தது ஓர் ஆண்: "மாப்புள இறங்கிட்டார். செருப்பு ஒண்டு காருக்குள்ள போயிட்டு, தேடுறாங்க." "கிடச்சிட்டு." "றாத்தா, மாப்புள உங்கட வாசலக் கடக்கிறார். வலது கால்தான் வெச்சார், நான் பாத்தன்." "குரவ போடுறாங்க. நாப்பது பேர் இருக்கும். எங்கட உம்மா எல்லாருக்கும் மேலால போடுறா." "மேடையில ஏறிட்டாங்க. அந்த மாதுளம்பூத் துணிக்கு முன்னால." "இப்ப மால." "ஷாஹினா நிமிரல்ல." "நிமிந்திட்டா." "சிரிச்சிட்டா, மாமி! சிரிச்சிட்டா!"

இருபது பேர், முப்பது பேர். வளவுக்கு வெளியே ஒழுங்கை முனைவரை நடந்து சிக்னல் பிடித்து அனுப்பிவிட்டு, பார்க்க மறுபடி உள்ளே ஓடினார்கள் என்று பிறகுதான் தெரிய வந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு வரியாக, கலியாண வீடு தன் வாயாலேயே அந்தத் தாய்க்குத் தன்னைச் சொன்னது. பதினோராயிரம் பேர் மூச்சடக்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகிலா எழுதவில்லை. எழுத அவளுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. இவ்வளவு நாளும் தான் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவளுக்குத் தோன்றியது. கையை எடுத்தால் மூடிவிடும் என்று நினைத்த கதவு. எடுத்தாள். அந்தப் பக்கம் நின்றவர்கள் அதை அகலத் திறந்துவிட்டார்கள். கண்ணீர் ஓடியது. அது எந்தக் கண்ணீர் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "சுபஹானல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னாள். சுபைறாவும் சொன்னாள்.

ஹைறுன்னிஸா எழுதினாள். எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"மகள் சாப்பிட்டாவா?"

பிறகு மருதமுனையிலிருந்து ஒருத்தி: "இல்லயாம் மாமி. காலையில இருந்து ஒண்டும் இல்லயாம். இந்தா, நான் எடுத்துக்கிட்டுப் போறன்." இன்னும் சற்று நேரத்தில் அவளே: "ஊட்டிட்டன். மூணு வாய். ரெண்டு ஈரல் துண்டும்." டோஹா மேசன்மார் பன்னிரண்டு பேரும் அல்ஹம்துலில்லாஹ் என்று வெவ்வேறாகப் போட்டார்கள்.

அந்தக் கிழமைக்குள் றுக்ஸானாவுக்கு நோன்புப் பெருநாள் வரைக்கும் கலியாணங்கள் நிரம்பின. றெனோல்ட் குரல் அனுப்பினான். "அக்கா, மேட வேணுமெண்டு அறுவத்திநாலு பேர் கேட்டிருக்காங்க. படம் ஒண்டுகூடப் போடல்ல நாங்க! நான் ரெண்டு வரிசமா நாளாந்தம் படம் போட்ட ஆள். நாம இத எல்லாக் கலியாணத்துக்கும் செய்வம், என்ன?"

ஆகிலா இரண்டு நாள் யோசித்தாள். கலியாணம் கேட்டு வருகிறவர்களுக்கு எழுதும் பதிலில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: உங்கட கலியாணத்துக்கு வர ஏலாத ஆள் ஆராவது இரிக்காங்களா?

ஏதோ ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார் என்றுதான் நினைத்தாள். எல்லா வீட்டிலும் இருந்தார்கள். இத்தாலியில் ஒரு காக்கா, பொண்ணின் அண்ணன். கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு மாமா. மன்னாரில் கடமைக்கு நிற்கும் ஒரு தங்கச்சி. கல்முனையில் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளப்போகும் சொனியா என்ற பெண் எழுதியிருந்தாள்: "பக்கத்து வீட்டு றோசா அன்ரி. நூறு யார் தூரம்தான். ஆனா படுக்கையால எழும்ப மாட்டா." கரையோரம் முழுக்க, ஒவ்வொரு பந்தலுக்கும் வெளியே, பார்க்க முடியாத ஒருவர் கண்ணை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பத்து வருடம் "தங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கும்" என்று கோத்தவளுக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதத் தொடங்கினாள். விளம்பரம் என்று வேறாக ஒன்றும் செய்யவில்லை. தேவைப்படவும் இல்லை.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து, அடுத்த கிழமை அக்கரைப்பற்றில் ஒரு கலியாணம். றுக்ஸானா ஓட்டோவோடு வந்து அவளை ஏற்றினாள். நிந்தவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. கதிர் முற்றியிருந்தது. ஆகிலா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்துக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். இத்தனை நாளும் ஒவ்வொரு துண்டாகக் காதால் வந்ததெல்லாம் இங்கே ஒரே தடவையில் இருந்தது. நெய்யும் ஏலமும் அத்தரும் கலந்த வாசம் இருந்தது. உயரத்தில் விளக்குகள் இருந்தன. மேடைக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை தனியாகச் சுற்றிச் சுற்றி ஆடியது. முந்நூறு பெண்கள், முந்நூறு நிறம். எங்கோ ஒரு மூலையில் குரவை எழும்பி, மேசைக்கு மேசை தாவி, அவளையும் தாண்டிப் போயிற்று. குரவை இவ்வளவு பெரியது என்று எந்தக் குரல்பதிவும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பொண்ணு வந்தாள். அந்த முகத்தை ஆகிலா கண்ணால் பார்த்தாள்.

இந்தக் கலியாணத்துக்கு வர முடியாத இத்தாலிக் காக்கா எழுத்துக்குக் காத்திருந்தார். ஆகிலாவின் கையில் போன் திறந்தபடி இருந்தது.

"எழுதலியாகா?" என்று றுக்ஸானா காதருகில் வந்து கேட்டாள்.

"கொஞ்சம் பொறு," என்றாள் ஆகிலா. "நான் இன்னும் பாத்து முடிக்கல்ல."